காப்புறுதி நிலைப்பாட்டுக் கடிதம்: வாசிப்பவருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி

கிளெய்ம் கொடுப்போமா மாட்டோமா, கொடுத்தால் எவ்வளவு, ஏன் என்று காப்புறுதி நிறுவனம் எழுத்தில் சொல்லும் பதில்தான் நிலைப்பாட்டுக் கடிதம். சிங்கப்பூரில் கிளெய்ம்ஸ் பிரிவிலும் புரோக்கர் அலுவலகங்களிலும் லாஸ் அட்ஜஸ்டர் (சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும்) நிறுவனங்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் இந்தக் கடிதத்தை வாராவாரம் எழுதுகிறார்கள், ஆனால் எப்படி எழுதவேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, இரண்டு விலக்குப் பிரிவுகளை (பாலிசி எதைக் காக்காது என்று சொல்லும் வாசகங்களை) ஒட்டி அனுப்புவதுதான் வழக்கமாகிவிட்டது.

அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஈசூனிலோ பூன்லேயிலோ ஒரு வீட்டில், பாலிசி அப்பா பெயரில் இருக்கும். கடிதத்தைப் படிப்பது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளாக இருக்கும். அவள் இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "என்னம்மா சொல்றாங்க?" என்று அப்பா கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவேண்டும். முடியவில்லை என்றால் எழுதியவர் வேலையை முடிக்கவில்லை.

என்னுடைய அளவுகோல் ஒன்றுதான்: நல்ல நிலைப்பாட்டுக் கடிதம் என்பது வாசிப்பவர் மறுத்துப் பேசக்கூடிய கடிதம். "இந்த வரியில் நீங்கள் சொல்லும் தேதி தப்பு", "இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது" என்று அவர் ஒரு இடத்தில் விரலை வைக்க முடியவேண்டும். நிறுவனத்துக்கும் இதுதான் நல்லது. எங்கே கருத்து வேறுபடுகிறது என்று முதல் பதிலிலேயே தெரிந்துவிட்டால், பாதித் தகராறுகள் இரண்டாவது கடிதத்தோடு முடிந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

படி 1: சரியான பாலிசியைக் கையில் எடுங்கள்

சொன்னால் அற்பமாகத் தெரியும், ஆனால் தவறான நிராகரிப்புகள் அடிக்கடி இங்கேதான் பிறக்கின்றன. பாலிசி வாசகம் புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு மாறும். இணையப்பக்கத்தில் இன்று கிடைக்கும் பிடிஎஃப், சேதம் நடந்த நாளில் இருந்த வாசகமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. வீடு, கார், தீ, திருட்டு போன்றவற்றில் சம்பவம் நடந்த தேதியில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதுதான் கணக்கு. தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி போன்ற சிலவற்றில், உங்கள் வாடிக்கையாளர்மீது மற்றவர் கோரிக்கை எழுப்பிய தேதிதான் முக்கியம்.

வாசகத்தோடு ஷெடியூல் (பெயர், தொகை, காலம் எல்லாம் உள்ள பக்கம்), எல்லா எண்டார்ஸ்மென்ட்டுகள் (வாசகத்தை மாற்றும் இணைப்புகள்), விண்ணப்பப் படிவம், பிரீமியம் கட்டிய தேதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இங்கே வணிகப் பாலிசிகளில் 60 நாளுக்குள் பிரீமியம் செலுத்தவேண்டும் என்ற வாரண்டி (கண்டிப்பான நிபந்தனை) வழக்கமாக இருக்கும், அதனால் கடைக்காரர் பணம் கட்டிய தேதி சில நேரம் முழுக் கதையையும் மாற்றிவிடும். எண்டார்ஸ்மென்ட்டைக் கவனமாகப் பாருங்கள். மூல வாசகத்தில் விலக்கி வைத்ததை, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஒரு எண்டார்ஸ்மென்ட் திரும்ப உள்ளே கொண்டுவந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள். பாலிசி தொடங்கியது, சம்பவம் நடந்தது, தகவல் வந்தது, அட்ஜஸ்டர் போனது, நாம் ஆவணம் கேட்டது, அது வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். கடிதத்தின் பாதி இந்தப் பக்கத்திலிருந்தே எழுந்துவரும்.

படி 2: கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்

நேராக விலக்குப் பட்டியலுக்குப் பாய்வது பெரிய கெட்ட பழக்கம். வரிசை இப்படி இருக்கட்டும். அந்தத் தேதியில் பாலிசி நடப்பில் இருந்ததா? கேட்பவர் காப்புறுதி பெற்றவரா, சேதமடைந்த பொருள் காப்புறுதிக்கு உட்பட்டதா? நடந்த சம்பவம் பாலிசி காப்பதாகச் சொல்லும் சம்பவங்களில் ஒன்றா? இதற்கெல்லாம் ஆம் என்றால், ஏதாவது விலக்கு பொருந்துகிறதா? பொருந்தினால், அந்த விலக்குக்குள்ளேயே ஏதாவது விதிவிலக்கு இருக்கிறதா? நிபந்தனைகள் நிறைவேறினவா? கடைசியாக, எவ்வளவு பணம்?

யார் எதை நிரூபிக்கவேண்டும் என்பதும் இதே வரிசையில்தான் அமைகிறது. சம்பவம் பாலிசிக்குள் வருகிறது என்று காட்டவேண்டியது கேட்பவர். விலக்கு பொருந்துகிறது என்று காட்டவேண்டியது நிறுவனம். இதை மறந்துவிட்டு, "விலக்கு பொருந்தாது என்பதற்கு நீங்கள் ஆதாரம் தரவில்லை, ஆகவே நிராகரிக்கிறோம்" என்று எழுதும் கடிதங்கள் உண்டு. சுமையைத் தலைகீழாக வைத்த அந்த ஒரு வரியே எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் போதும்.

ஒரு சொற்றொடரை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்து, வேறு வழியில் அது தெளியாவிட்டால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிரான பொருளையே நீதிமன்றம் எடுக்கக்கூடும். ஆகவே உங்களுக்குச் சாதகமான பொருள் ஒன்றுதான் என்று நினைப்பதற்கு முன், எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

படி 3: எந்தக் கடிதம் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு வகைதான். முழுதும் ஏற்கிறோம். ஒரு பகுதியை ஏற்கிறோம். ஏற்கவில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை, உரிமைகளை ஒதுக்கிவைத்து (அதாவது பின்னர் மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல்) விசாரிக்கிறோம். ஒரே கடிதத்தில் இரண்டைக் கலக்காதீர்கள். "தற்போதைய நிலையில் ஏற்கமுடியாது எனத் தோன்றுகிறது, எனினும் மேலும் ஆவணங்கள் அனுப்பினால் பரிசீலிப்போம்" என்று எழுதினால், அது நிராகரிப்பா விசாரணையா என்று யாருக்கும் தெரியாது. முடிவை எதிர்த்துப் போக வாடிக்கையாளருக்கு உள்ள கால எல்லை எப்போது தொடங்குகிறது என்பதும் குழம்பிப்போகும்.

படி 4: பதிலை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்

பாலிசி எண், சம்பவத் தேதி, கேட்ட தொகை, முடிவு. இந்த நான்கும் முதல் பத்தியில் வரவேண்டும். பல கடிதங்களில் முடிவு மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, அதுவும் "மேற்கண்ட காரணங்களால்" என்று ஒளிந்துகொண்டு வருகிறது. வாசிப்பவர் எப்படியும் முதலில் அதைத்தான் தேடுவார், அவரைத் தேடவிடாதீர்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சமையலறைச் சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் வெடித்து, கீழ் அலமாரிகள் ஊறிப்போயின, மைக்ரோவேவ் கெட்டுவிட்டது. வீட்டுக்காரர் கேட்பது: அலமாரிக்கு 4,200 வெள்ளி, மைக்ரோவேவுக்கு 180, குழாயை மாற்றியதற்கு 650, படுக்கையறைச் சுவர்ப் பூஞ்சைக்கும் பெயின்டுக்கும் 900. ஆக மொத்தம் 5,930. (இடையில் ஒன்று: வீவக தீக் காப்புறுதி கட்டடத்தையும் வீட்டோடு வந்த மூலப் பொருத்துகளையும் மட்டுமே காக்கிறது. நாம் செலவழித்துச் செய்த ரெனவேஷனும் சாமான்களும் அதில் வராது. அது இருக்கிறதே என்று நினைத்து வீட்டுப் பொருள் காப்புறுதி எடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். நம் உதாரணத்துக்காரர் தனியாக ஒரு வீட்டுக் காப்புறுதி வைத்திருக்கிறார்.)

முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"மார்ச் 3ஆம் தேதி உங்கள் சமையலறையில் குழாய் வெடித்ததால் ஏற்பட்ட சேதத்துக்கு 5,930 வெள்ளி கேட்டிருந்தீர்கள். அதில் அலமாரிக்கும் மைக்ரோவேவுக்கும் உரிய 4,380 வெள்ளியை ஏற்கிறோம். உங்கள் பாலிசியின் எக்ஸஸ் (நீங்களே ஏற்கவேண்டிய தொகை) 100 வெள்ளியைக் கழித்து 4,280 வெள்ளி வழங்குவோம். குழாயை மாற்றிய செலவு 650 வெள்ளியையும் படுக்கையறைச் சுவருக்கான 900 வெள்ளியையும் ஏற்கவில்லை. காரணங்களைக் கீழே தனித்தனியாகச் சொல்கிறோம்."

கடிதம் போவது ஆங்கிலத்தில்தான் என்றாலும் இதே வடிவம்தான், இதே நீளம்தான்.

படி 5: நடந்ததை எழுதுங்கள், யார் சொன்னது என்றும் எழுதுங்கள்

நாம் கண்ணால் பார்த்தது, வாடிக்கையாளர் சொன்னது, நாம் அதிலிருந்து முடிவு கட்டியது. இந்த மூன்றும் வேறு வேறு. "சுவரில் நீண்டகாலமாக ஈரம் இருந்துள்ளது" என்று மொட்டையாக எழுதினால் அது தீர்ப்பு. "மார்ச் 6ஆம் தேதி வந்த அட்ஜஸ்டர், படுக்கையறைச் சுவர் சமையலறையிலிருந்து தள்ளி இருப்பதையும் இடையில் உள்ள தரையும் சுவரும் உலர்ந்திருப்பதையும் பதிவு செய்தார். நீங்கள் அனுப்பிய படங்களில் முந்தைய நவம்பர் மாதத்தில் எடுத்த ஒன்றில் அதே இடத்தில் பெயின்ட் உப்பியிருப்பது தெரிகிறது" என்று எழுதினால், வாசிப்பவர் சரிபார்க்க முடியும். அந்தப் படம் வேறு அறை என்று அவர் சொல்லவும் முடியும். அப்படிச் சொன்னால் நாம் மறுபடியும் பார்க்கவேண்டியதுதான்.

"எங்கள் நிபுணரின் அறிக்கைப்படி" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நிபுணர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பதுதான் தேவை. வழக்கறிஞர் கொடுத்த ஆலோசனையை மட்டும் கடிதத்தில் மேற்கோள் காட்டவே கூடாது, அதற்குள்ள இரகசியப் பாதுகாப்பு போய்விடக்கூடும்.

மோசடி என்ற சொல்லைப் பற்றி: அதை நிரூபிக்க ஆதாரத்தோடு தயாராக இருந்தால் மட்டும், மேலதிகாரியும் வழக்கறிஞரும் பார்த்தபின் எழுதுங்கள். ரசீதில் சந்தேகம் என்றால், "இந்த எண்ணுள்ள ரசீதை வழங்கியதாகக் கடையின் பதிவில் இல்லை என்று கடை எழுத்தில் தெரிவித்துள்ளது, உங்கள் விளக்கம் தேவை" என்பதே போதும். ஒரு மனிதரைத் திருடன் என்று குறிப்பால் சொல்லிவிட்டு அப்புறம் திரும்ப வாங்கமுடியாது.

படி 6: பிரிவை முழுதாகக் காட்டுங்கள்

பாலிசி வாசகத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்காதீர்கள். பிரிவு எண், பக்க எண், வாசகம், எல்லாம் அச்சில் உள்ளபடி வரவேண்டும். அதைவிட முக்கியம், நடுவில் வெட்டாதீர்கள். "படிப்படியாகக் கசிவதால் ஏற்படும் சேதம் விலக்கப்படுகிறது" என்பதற்குப் பின்னால் "குழாய் திடீரென வெடித்ததன் விளைவாக ஏற்பட்டால் அன்றி" என்று இருந்தால், அந்த இரண்டாம் பாதியும் கடிதத்தில் வரவேண்டும், அது நமக்குப் பாதகமாக இருந்தாலும். பாதியை மட்டும் காட்டினோம் என்று பின்னால் தெரிந்தால், மீதியில் சரியாகச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதேபோல, பொருந்தாத பிரிவுகளைக் குவிக்காதீர்கள். "பாதுகாப்புக்காக" பதினைந்து விலக்குகளை ஒட்டிய கடிதத்தில் எது உண்மையான காரணம் என்று எழுதியவருக்கே தெரியாது.

படி 7: நடந்ததையும் பிரிவையும் இணையுங்கள்

இதுதான் கடிதத்தின் உயிர். அநேகமான கடிதங்கள் ஒரு பத்தி சம்பவம், ஒரு பத்தி பிரிவு, உடனே "ஆகவே வருந்துகிறோம்" என்று போய்விடும். "ஆகவே" என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கவேண்டிய பாலம் காணாமல் போயிருக்கும். எந்த உண்மை, பிரிவின் எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று சொல்லவேண்டும். நம் ஈசூன் வீட்டில் குழாய்ச் செலவு:

"பிரிவு 4 தண்ணீர்க் குழாய் வெடிப்பதால் உங்கள் ரெனவேஷனுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் ஏற்படும் சேதத்தைக் காக்கிறது. அதே பிரிவின் (இ) உட்பிரிவு, வெடித்த குழாயையே பழுதுபார்க்கும் அல்லது மாற்றும் செலவை விலக்குகிறது. பிளம்பரின் ரசீதில் உள்ள 650 வெள்ளி முழுவதும் பழைய குழாயை எடுத்துப் புதியது போட்ட வேலைக்கானது. அதனால் அதை வழங்க இயலாது. அந்த ரசீதில் ஓடு உடைத்துத் திரும்ப ஒட்டிய வேலையும் சேர்ந்திருந்தால், பிளம்பரிடம் பிரித்து எழுதி வாங்கி அனுப்புங்கள். அந்தப் பகுதியைத் தனியாகப் பரிசீலிப்போம்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். எந்த ஒரு தகவல் வந்தால் முடிவு மாறும் என்பதை நாமே சொல்கிறோம். இதைச் சொல்லத் தயங்கும் மேலாளர்கள் உண்டு, வாடிக்கையாளருக்கு வழி காட்டிவிடுகிறோமே என்று. அந்தத் தயக்கத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாலிசிப்படி அவருக்குச் சேரவேண்டிய பணம் என்றால், அது அவருக்குப் போய்ச் சேருவதுதான் நம் வேலை.

இன்னோர் உதாரணம், சுருக்கமாக. சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடை, கல்லாப் பணம் காணவில்லை. திருட்டுப் பாலிசி "பலாத்காரமாகவும் வன்முறையாகவும் நுழைந்து" திருடியதைத்தான் காக்கிறது. இதை "திருட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று நிராகரித்தால் தவறு. போலிஸ் புகார் இருக்கிறது, கேமராவில் ஆள் தெரிகிறான், திருட்டு நடந்தது உண்மை. காரணம் வேறு: பூட்டும் ஷட்டரும் உடையவில்லை, ஆள் கடை திறந்திருந்த நேரத்தில் வாசல் வழியாக வந்தான், அதனால் பலாத்கார நுழைவு என்ற சொல் நிறைவேறவில்லை. கடைக்காரருக்குப் பணம் கிடைக்காவிட்டாலும், தன்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை என்பதாவது தெரியும். முடிவு ஒன்றாக இருந்தாலும் காரணம் சரியாக இருக்கவேண்டும்.

படி 8: பணக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்

தொகையைக் குறைத்தால், எப்படிக் குறைந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். கடைச் சரக்கின் மதிப்பு 100,000 வெள்ளி, ஆனால் 60,000க்குத்தான் காப்புறுதி, பாலிசியில் ஆவரேஜ் பிரிவு (குறைவாகக் காப்புறுதி எடுத்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்பது) உண்டு, சேதம் 20,000 என்றால், 60,000ஐ 100,000ஆல் வகுத்து 20,000ஆல் பெருக்கவேண்டும், 12,000 வெள்ளி கிடைக்கும். இந்த ஒரு வரி இல்லாமல் 12,000க்குக் காசோலை அனுப்பினால், 8,000ஐ யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் கடைக்காரர் நினைப்பார்.

இல்லப் பணிப்பெண் மருத்துவக் காப்புறுதியிலும் இதே குழப்பம் வரும். 2023 ஜூலை 1 முதல் தொடங்கிய அல்லது புதுப்பித்த பாலிசிகளில் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. முதல் 15,000க்கு மேல் போகும் தொகையில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்கவேண்டும். மருத்துவமனைப் பில் 27,000 என்றால், 15,000 முழுதும் காப்புறுதி, மீதி 12,000இல் காப்புறுதி 9,000, முதலாளி 3,000. மூன்று வரியில் முடிகிற இந்தக் கணக்கைக் கடிதத்தில் போட்டுவிட்டால் நான்கு தொலைபேசி அழைப்புகள் மிச்சம்.

படி 9: இன்னும் தெரியவில்லை என்றால்: உரிமைகளை ஒதுக்கிவைக்கும் கடிதம்

விசாரணை நடக்கும்போது நாம் செய்யும் காரியங்களே நமக்கு எதிராகத் திரும்பலாம். நிபந்தனை மீறப்பட்டது தெரிந்தும் பேசாமல் பிரீமியத்தை வாங்கினால், அல்லது வாடிக்கையாளர் சார்பாக வழக்கை எடுத்து நடத்தத் தொடங்கினால், பாலிசியை ஏற்று உறுதிசெய்துவிட்டோம் என்று பின்னர் வாதிட முடியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் "எங்கள் எல்லா உரிமைகளையும் ஒதுக்கிவைக்கிறோம்" என்ற ஒற்றை வரியை எல்லா மின்னஞ்சலுக்கும் அடியில் ஒட்டுவதால் பெரிய பயன் கிடையாது. எந்த உண்மை கேள்வியாக இருக்கிறது, எந்தப் பிரிவு சம்பந்தப்படுகிறது, அதைத் தெளிவாக்க என்ன செய்கிறோம், வாடிக்கையாளர் என்ன தரவேண்டும், எந்தத் தேதியில் அடுத்த பதில் வரும், இவ்வளவும் இருக்கவேண்டும். அந்தத் தேதிக்கு முடிவு வராவிட்டாலும், வரவில்லை என்றாவது எழுதுங்கள்.

பொறுப்புக் காப்புறுதியில் வாடிக்கையாளருக்காக நாமே வழக்கறிஞர் வைத்து வாதாடும்போது, நம் நலனும் அவர் நலனும் மோதும் இடம் வந்தால் அதை மறைக்காமல் சொல்லி, அவர் தனியாக ஆலோசனை பெறலாம் என்றும் எழுதவேண்டும்.

படி 10: விவரத்தை மறைத்தார் என்று சொல்வதானால்

மிகக் கவனமாக எழுதவேண்டிய கடிதம் இதுதான். பாலிசியையே ஆரம்பத்திலிருந்து இல்லாததாக்குவது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றும் முடிவு. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால், வணிகக் காப்புறுதியில் தவறின் அளவுக்கு ஏற்பக் குறைத்துக் கொடுக்கும் வழி வந்தது. அந்தச் சட்டம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது. இங்கே இன்னும் பழைய பொதுச் சட்ட முறைதான், முக்கிய விவரம் மறைக்கப்பட்டு அதனால் நிறுவனம் பாலிசி கொடுக்கத் தூண்டப்பட்டிருந்தால் முழு பாலிசியையும் நீக்க முடியும். விண்ணப்பப் படிவத்தில் தெரிந்த, தெரிந்திருக்கவேண்டிய எல்லா விவரத்தையும் முழுமையாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாலிசி செல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

அதிகாரம் பெரிதாக இருப்பதால் விளக்கமும் பெரிதாக இருக்கவேண்டும். என்ன கேள்வி கேட்டோம், படிவத்தில் உள்ள அதே சொற்களில். என்ன பதில் வந்தது. உண்மை என்ன, எந்த மருத்துவக் குறிப்பில், எந்தத் தேதியில். அது விண்ணப்பித்த நாளில் அவருக்குத் தெரிந்திருந்தது என்று எப்படிச் சொல்கிறோம். தெரிந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்: மறுத்திருப்போமா, கூடுதல் பிரீமியம் கேட்டிருப்போமா, அந்த நோயை மட்டும் விலக்கியிருப்போமா. "முக்கியமான விவரம்" என்று சொன்னால் மட்டும் போதாது, நம் அண்டர்ரைட்டிங் வழிகாட்டி (யாருக்கு எந்த நிபந்தனையில் பாலிசி தருவது என்ற விதிகள்) என்ன சொல்கிறது என்று காட்டவேண்டும். 2019இல் ஒரு தடவை பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாகப் பதிவானது, மருந்து தரவில்லை, யாரும் நோய் என்று சொல்லவில்லை என்றால், "உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக உங்களிடம் கூறப்பட்டதா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியவர் பொய் சொன்னாரா? அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் நேர்மையாகக் கேட்டபிறகுதான் கடிதத்தைத் தொடங்கவேண்டும்.

ஏஜென்ட் படிவத்தை நிரப்பினார், அவரிடம் சொன்னேன் என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால், அதற்கும் கடிதத்தில் பதில் இருக்கவேண்டும். பிரீமியத்தைத் திருப்பித் தருகிறோமா இல்லையா என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

மூன்றாம் நபர்கள் இருக்கும்போது

மோட்டார் கடிதத்தில் "உங்கள் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது" என்று மொத்தமாக எழுதாதீர்கள். சொந்தக் கார் சேதம் ஒன்று, மற்றவர் சொத்துச் சேதம் ஒன்று, மற்றவருக்கு ஏற்பட்ட காயம் அல்லது மரணம் ஒன்று. கடைசியானது கட்டாயக் காப்புறுதி. வாடிக்கையாளர் நிபந்தனையை மீறியிருந்தாலும், 1960ஆம் ஆண்டு மோட்டார் வாகன மூன்றாம் தரப்புச் சட்டத்தின்கீழ் காயம்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் திரும்பக் கேட்கும் நிலை வரலாம். அப்படித் திரும்பக் கேட்போம் என்றால் இப்போதே சொல்லவேண்டும், அவருக்குக் கடைசியில் அதிர்ச்சியாக வரக்கூடாது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்ற விதி மீறப்பட்டது என்றால், அந்தத் தாமதத்தால் நமக்கு என்ன பாதிப்பு என்பதையும் எழுதுங்கள்.

வேலையிடக் காயத்துக்கு மனிதவள அமைச்சின் தனி நடைமுறையும் படிவங்களும் உண்டு. சாதாரண நிராகரிப்புக் கடிதத்தின் அச்சை எடுத்து ஒரு ஊழியருக்கு அனுப்பாதீர்கள்.

தொனி, பெயர்

"துரதிர்ஷ்டவசமாக" என்று மூன்று முறை வருந்துவதைவிட, மரணக் கிளெய்மில் முதல் வரியில் ஒருமுறை மனமார அனுதாபம் சொல்வது மேல். செய்வினையில் எழுதுங்கள்: "முடிவு எட்டப்பட்டது" என்று எழுதாமல் "நாங்கள் முடிவு செய்தோம்" என்று எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

பெயரை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நம் பெயர்களில் கடைசியில் வருவது தகப்பனார் பெயர். கணினி அதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, கடிதம் தகப்பனாரை விளித்துப் போகும். கணவரை இழந்த பெண்ணுக்கு அனுப்பும் கடிதத்தில் அவருடைய மறைந்த மாமனார் பெயரை விளித்து எழுதினால், அதற்குப் பின்வரும் நல்ல வார்த்தை எதுவும் எடுபடாது.

கடைசிப் பத்தி: அடுத்து அவர் என்ன செய்யலாம்

யாருக்கு எழுதவேண்டும், எந்த மின்னஞ்சல், எந்தத் தேதிக்குள், எந்தக் குறிப்பு எண். நிறுவனத்துக்குள் மறுபரிசீலனை கேட்கும் வழி. அதிலும் உடன்பாடு வராவிட்டால் ஃபிட்ரெக் (நிதித்துறைத் தகராறுகளைத் தீர்க்கும் நிலையம்). 2005இல் தொடங்கிய இந்த நிலையம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் தீர்ப்பாளர் கேட்டு முடிவு சொல்வார். வாடிக்கையாளர் அந்த முடிவை ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், ஏற்காவிட்டால் அவர் நீதிமன்றம் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும் என்பதால், உங்கள் கடிதம் இறுதிப் பதிலா இல்லையா என்பதை அந்தச் சொல்லாலேயே எழுதுங்கள். தொகை வரம்பும் உண்டு, அனுப்பும் நாளில் நடப்பில் உள்ள வரம்பைப் பார்த்துப் போடுங்கள்.

பல வணிகப் பாலிசிகளில், நிராகரித்த 12 மாதத்துக்குள் நடுவர் மன்றமோ வழக்கோ தொடங்காவிட்டால் கிளெய்ம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு பிரிவு உண்டு. உங்கள் பாலிசியில் அது இருந்தால் கடிதத்திலும் அது இருக்கவேண்டும், தெளிவாக, சிறிய எழுத்தில் அல்ல.

அனுப்பும் முன்னும் பின்னும்

அந்த ஃபைலைப் பார்க்காத ஒரு சகாவிடம் கொடுத்து, "என்ன முடிவு, ஏன், அவர் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் கடிதத்தைத் திரும்பப் புரட்டாமல் பதில் வந்தால் அனுப்பலாம். நகல் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். நிறுவனக் குழுக் காப்புறுதியில் ஊழியரின் நோய் விவரம் அவர் முதலாளிக்குத் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அது அவருடைய வேலையையே பாதிக்கலாம்.

பதில் வந்தால் அதை முழுதாகப் படியுங்கள். அவர் புதிதாக ஏதாவது அனுப்பியிருந்தால், அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எதை மாற்றியது எதை மாற்றவில்லை என்று எழுதுங்கள். முதல் காரணம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டாவது கடிதத்தில் புதுக் காரணம் தேடுவது மிக மோசமான வழக்கம். காரணங்கள் எத்தனை இருந்தாலும் முதல் கடிதத்திலேயே வந்திருக்கவேண்டும். ஈசூன் வீட்டுக்காரர் பிளம்பரிடம் பிரித்து வாங்கிய ரசீதை அனுப்புகிறார், அதில் ஓடு வேலை 240 வெள்ளி, அது அவருடைய ரெனவேஷனில் சேரும் என்று வையுங்கள். எக்ஸஸை ஏற்கெனவே கழித்துவிட்டோம், அதனால் இன்னொரு முறை கழிக்காமல் 240 வெள்ளியை முழுதாகக் கொடுக்கவேண்டும். இரண்டாவது கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும்.